மாதவிலக்குக்கு முந்தைய பத்து நாள்: எந்த விட்டமின், எவ்வளவு, எத்தனை நாள்?

நீங்கள் எழுதியதை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் படிக்கவும் வசதியாக இருக்கும். வயது 29. தேதிக்கு எட்டுப் பத்து நாள் இருக்கும்போதே எரிச்சல், காரணமில்லாத அழுகை, மார்பில் கனம், மோதிரம் இறுகும் அளவுக்குக் கையில் வீக்கம். தீட்டு வந்த இரண்டாம் நாளே எல்லாம் வடிந்துவிடுகிறது. அலுவலகத் தோழி ஒரு மாத்திரை டப்பாவை வாங்கச் சொல்கிறார், மாதம் 1,400 ரூபாய். லேபிளில் உள்ளதையும் எழுதியிருக்கிறீர்கள்: ஒரு மாத்திரையில் விட்டமின் பி6 50 மில்லிகிராம், கால்சியம் கார்பனேட் 250 மில்லிகிராம், மக்னீசியம் ஆக்ஸைடு 100 மில்லிகிராம், கூடவே கொஞ்சம் விட்டமின் ஈ, கொஞ்சம் ப்ரிம்ரோஸ் எண்ணெய்ப் பொடி. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. வாங்கலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "இது உடம்புக் கோளாறா, இல்லை உன் குணமே இதுதானா என்று வீட்டில் கேட்கிறார்கள்." மாத்திரையைப் பற்றிய கேள்விக்கு அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் 21 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். சீட்டில் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு, அதை எப்படிச் சாப்பிடுவது, எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்வதும் என் வேலை. மருந்தின் அளவு, லேபிள், ஒன்றோடொன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் எனக்குப் பழக்கமான விஷயம். உங்களுக்கு இருப்பது இன்ன நோய் என்று முடிவு செய்வது டாக்டரின் வேலை, அதை இங்கே உட்கார்ந்து நான் செய்ய முடியாது.

சரி, குணமா, உடம்பா? உடம்புதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1998இல் அமெரிக்காவில் ஷ்மிட் என்ற மருத்துவரின் குழு ஒரு சோதனை செய்தது. கடுமையான பி.எம்.எஸ். (மாதவிலக்குக்கு முன் வரும் இந்தத் தொந்தரவுகளுக்கு மருத்துவத்தில் உள்ள பெயர்) உள்ள பெண்களுக்கு, சினைப்பை சுரக்கும் ஹார்மோன்களை ஊசி போட்டு நிறுத்தினார்கள். அவர்களில் பலருக்கு அந்த எரிச்சலும் அழுகையும் அடங்கின. அப்படி அடங்கியவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரோஜெஸ்ட்ரோனையோ வெளியிலிருந்து திரும்பக் கொடுத்தபோது தொந்தரவு திரும்ப வந்தது. பி.எம்.எஸ். இல்லாத பெண்களுக்கும் இதே ஊசி, இதே ஹார்மோன், இதே அளவு கொடுத்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது ஹார்மோன் அளவில் கோளாறு இல்லை. எல்லாப் பெண்களுக்கும் வழக்கமாக ஏறி இறங்கும் ஹார்மோனுக்குச் சிலருடைய மூளை வேறு மாதிரி எதிர்வினை காட்டுகிறது, அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் இரண்டு விஷயம் தெளிவாகும். ஒன்று, "ஹார்மோன் டெஸ்ட் எல்லாம் நார்மல், அப்புறம் உனக்கு என்ன" என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வியே தவறு, பி.எம்.எஸ். உள்ளவருக்கு டெஸ்ட் நார்மலாகத்தான் வரும். இன்னொன்று, ஏதோ ஒரு விட்டமின் குறைந்துபோனதால்தான் இது வருகிறது, அதை நிரப்பினால் சரியாகிவிடும் என்று விளம்பரம் சொல்வது அவ்வளவு நேரான கணக்கு இல்லை. விட்டமினும் தாது உப்பும் உதவலாம். அவை வேரைப் பிடுங்குவதில்லை, தொந்தரவின் உயரத்தைக் கொஞ்சம் இறக்குகின்றன.

டப்பாவுக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதற்குச் செலவு ஒரு நோட்டும் பேனாவும்தான். இரண்டு மாதம் தினமும் இரவு படுக்கும் முன் நான்கைந்து தொந்தரவுக்கு மார்க் போடுங்கள். எரிச்சல், அழுகை, மார்பு வலி, வீக்கம், தூக்கம். ஒன்றுமே இல்லை என்றால் 1, தாங்க முடியவில்லை என்றால் 6. தீட்டு வந்த நாளை வட்டமிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது, அன்றன்றைக்கு எழுத வேண்டும். பெண்கள் நல மருத்துவர்கள் பி.எம்.எஸ். என்று உறுதி செய்வதே இப்படி இரண்டு சுழற்சி எழுதிய தாளைப் பார்த்துத்தான், வேறு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதற்குக் கிடையாது. இதை எழுதச் சொன்னால் பலபேர், "வேண்டாம், எனக்கே தெரியும், மாத்திரையைச் சொல்லுங்கள்" என்பார்கள். எழுதிக்கொண்டு வந்த சிலருடைய தாளில் கதை வேறாக இருக்கும். தேதிக்கு முன்னால் மட்டும் என்று நினைத்தது மாதம் முழுக்க இருக்கும், தேதிக்கு முன் இன்னும் கூடும். அது மனச்சோர்வாகவோ தைராய்டு குறைவாகவோ இரத்த சோகையாகவோ இருக்கலாம். அதற்குக் கால்சியம் கொடுத்து மூன்று மாதம் காத்திருப்பது வீண்.

நோட்டு இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். பி.எம்.எஸ். பற்றிய ஆய்வுகளில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை வாங்கியவர்களுக்கும் தொந்தரவு நிறையவே குறைகிறது. ஒரு ஆய்வில் மட்டும் அல்ல, திரும்பத் திரும்ப இப்படித்தான். அது பொய்யும் இல்லை, அவர்கள் நடிக்கவும் இல்லை. யாரோ கவனிக்கிறார்கள், ஏதோ செய்கிறோம் என்ற நிம்மதி உண்மையிலேயே உடம்பில் வேலை செய்கிறது. ஆனால் உங்கள் தோழி "எனக்கு முதல் மாதமே குறைந்துவிட்டது" என்று சொல்லும்போது, அது டப்பாவின் வேலையா இந்த நிம்மதியின் வேலையா என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இனி டப்பாவுக்குள் இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நான் முதலில் வைப்பது கால்சியம். இந்த வரிசையில் நல்ல ஆதாரம் என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். நியூயார்க்கைச் சேர்ந்த சூசன் தைஸ்-ஜேக்கப்ஸ் என்ற மருத்துவர் இதில் பல வருடம் உழைத்தவர். இரத்தத்தில் கால்சியம் குறைந்தால் வரும் களைப்பு, படபடப்பு, எரிச்சல், தசைப்பிடிப்பு எல்லாம் பி.எம்.எஸ். தொந்தரவுகளைப் போலவே இருக்கின்றனவே என்பதுதான் அவருடைய யோசனையின் தொடக்கம். 1989இல் தினம் 1,000 மில்லிகிராம் கொடுத்து ஒரு சிறிய ஆய்வு செய்தார், பலன் தெரிந்தது. 1998இல் வெளியான பெரிய ஆய்வில் 466 பெண்கள். பாதிப்பேருக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம், மீதிப்பேருக்கு வெறும் மாத்திரை, மூன்று மாதச் சுழற்சிக்கு. யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, மார்க் போட்டவர்களுக்கும் தெரியாது. மூன்றாவது சுழற்சி முடிவில் கால்சியம் எடுத்தவர்களின் மொத்தத் தொந்தரவு மதிப்பெண் 48 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் மாத்திரை எடுத்தவர்களுக்கு 30 சதவீதம்.

இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். டப்பா விற்பவர்கள் 48ஐ மட்டும்தான் சொல்வார்கள். கால்சியம் தன் சொந்த பலத்தில் செய்தது நடுவில் உள்ள 18 தான். அது சிறியதும் இல்லை, மந்திரமும் இல்லை. ஆறு மார்க் போட்ட நாள் ஐந்தாகவோ நான்காகவோ இறங்கலாம். வீட்டில் ஒரு சண்டை குறையும், ஆபீசில் ஒரு நாள் லீவு குறையும். இன்னொன்று, வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது இரண்டாவது சுழற்சியிலிருந்துதான். அதனால் பத்து நாள் சாப்பிட்டுவிட்டு "ஒன்றும் கேட்கவில்லை" என்று நிறுத்துவதில் அர்த்தம் இல்லை. மாதம் முழுக்கத் தினமும் எடுக்க வேண்டியது இது, தொந்தரவு வரும் நாளில் மட்டும் போட்டுக்கொள்ளும் மாத்திரை அல்ல.

இப்போது உங்கள் லேபிளுக்கு வாருங்கள். கால்சியம் கார்பனேட் 250 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. கார்பனேட் உப்பின் எடையில் கால்சியம் 40 சதவீதம்தான். அப்படியானால் ஒரு மாத்திரையில் உண்மையான கால்சியம் 100 மில்லிகிராம், நாள் முழுக்க இரண்டு மாத்திரைக்கு 200. ஆய்வில் கொடுத்தது 1,200. ஆறில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது. ஆதாரம் உள்ள பொருளைப் பேருக்குத் தூவிவிட்டு, அந்த ஆதாரத்தை முழுதாக டப்பா மேல் எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. மருந்துக்கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், கால்சியம் கார்பனேட் 1,250 மில்லிகிராம், அது 500 மில்லிகிராம் கால்சியத்துக்குச் சமம் என்று எழுதியிருக்கும். பெரும்பாலும் கொஞ்சம் விட்டமின் டி3யும் சேர்ந்திருக்கும். இதில் காலை ஒன்று, இரவு ஒன்று என்றால் 1,000 மில்லிகிராம் வந்துவிடும். மாதச் செலவு உங்கள் டப்பாவின் விலையில் பாதிகூட ஆகாது, மக்கள் மருந்தகத்தில் இன்னும் மலிவு.

சாப்பிடும் முறையில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கார்பனேட் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டுக்குப் பின் உடனே எடுக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டையும் விழுங்கினால் குடல் அவ்வளவையும் உறிஞ்சாது. ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் போதும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் இதையும் சேர்க்கவே கூடாது, கால்சியம் இரும்பைத் தடுக்கும். குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு நான்கு மணி நேரம். ஆன்டிபயாட்டிக் சிலவற்றோடும் இதே கதைதான், டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் கொடுக்கும்போது கால்சியத்தைத் தள்ளி வைக்கச் சொல்வோம். ஒரு பெண்மணிக்கு ஹீமோகுளோபின் ஆறு மாதமாக ஏறவே இல்லை. மறக்காமல் இருக்க இரும்பு, கால்சியம் இரண்டையும் ஒரே டப்பியில் போட்டு இரவு சாப்பாட்டுக்குப் பின் பாலோடு விழுங்கிக்கொண்டிருந்தார். இரும்பைக் காலையில் வெறும் வயிற்றுக்கு மாற்றியதும் ஏறத் தொடங்கியது. சிறுநீரகக் கல் வந்தவர்கள், வீட்டில் பலருக்குக் கல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரை தொடங்க வேண்டாம். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் சிலருக்கு வரும், ஏற்கெனவே உப்புசம்தான் பிரச்சனை என்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும்.

மாத்திரையே வேண்டாம், சாப்பாட்டிலேயே முடியுமா என்று அடுத்து கேட்பீர்கள். ஓரளவு முடியும். பாலும் தயிருமாக 400 மில்லி சேர்ந்தால் 450, 500 மில்லிகிராம் வரும். கேழ்வரகு 100 கிராமில் 350 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, ஒரு வேளைக் களிக்கோ அடைக்கோ 60 கிராம் மாவு போட்டால் 200. கறுப்பு எள் ஒரு மேசைக்கரண்டி என்றால் நூற்றுக்குச் சற்று மேல், எள்ளுப்பொடியாக இட்லிக்குத் தொட்டுக்கொண்டாலே போதும். நெத்திலி போன்று முள்ளோடு சாப்பிடும் சிறிய மீனில் நல்ல கால்சியம் உண்டு. முருங்கைக்கீரை நல்லது. பசலை வகையில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்ஸலேட் அதிகம் என்பதால் கணக்கில் பெரிதாகத் தெரிந்தாலும் உடம்புக்குக் கிடைப்பது குறைவு. அமெரிக்காவில் செவிலியர்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. உணவில் கால்சியமும் விட்டமின் டியும் அதிகம் சேர்த்துக்கொண்டவர்களுக்குப் பி.எம்.எஸ். புதிதாக வருவது குறைவாக இருந்தது. ஆனால் இது கவனித்து எழுதிய ஆய்வு, கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல. பாலும் தயிரும் நிறையச் சாப்பிடுகிறவர் வேறு பல விதத்திலும் நன்றாகச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். நான் சொல்வது இது: சாப்பாட்டில் 600, 700 வந்துவிடுகிறது என்றால் ஒரு மாத்திரை போதும். பால் பிடிக்காது, கேழ்வரகு வீட்டில் கிடையாது என்றால் இரண்டு. எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 2,500ஐத் தாண்டக் கூடாது, உங்கள் வயதுக்கு அதுதான் உச்ச வரம்பு.

இனி பி6, அதாவது பைரிடாக்சின். ஒருவர் சொல்லி ஒருவர் வாங்கும் விட்டமின் இதுதான், எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். மூளையில் மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், டோபமைன் என்ற ரசாயனங்கள் தயாராக இந்த விட்டமின் வேண்டும், அதனால் மனநிலைக்கு உதவும் என்ற எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. 1999இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வையட்டும் கூட்டாளிகளும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். 9 ஆய்வுகள், மொத்தம் 940 பெண்கள். தினம் 100 மில்லிகிராம் வரை கொடுத்தால் பலன் இருக்கக்கூடும், மனச்சோர்வுக்கும் கொஞ்சம் உதவக்கூடும் என்று எழுதினார்கள். அதே மூச்சில், இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை தரம் குறைந்தவை என்றும் எழுதினார்கள். முதல் பாதி உலகம் சுற்றியது, இரண்டாம் பாதி வழியில் விழுந்துவிட்டது. உதவலாம், உறுதியில்லை: இதற்கு மேல் நான் போக மாட்டேன்.

தீங்கு விஷயத்தில் அந்தத் தயக்கம் தேவையில்லை. நீரில் கரையும் விட்டமின், அதிகமானால் சிறுநீரில் போய்விடும் என்று நானும் கல்லூரியில் படித்தேன், பி6 விஷயத்தில் அது தவறு. 1983இல் தினம் 2 முதல் 6 கிராம் வரை பி6 எடுத்த ஏழு பேருக்குக் கால், கை நரம்பு பாதித்து, நடையே தடுமாறியதை ஷாம்பர்க் என்ற நரம்பியல் மருத்துவர் எழுதினார். அவர்களில் சிலர் இதைத் தொடங்கியதே மாதவிலக்குக்கு முந்தைய வீக்கத்துக்காகத்தான். அதன்பின் அதைவிட மிகக் குறைந்த அளவிலும், நீண்ட நாள் எடுத்தவர்களுக்கு மரத்துப்போதல், ஊசி குத்துவது, எறும்பு ஊர்வது போன்ற தொந்தரவுகள் வந்திருக்கின்றன. அதனால்தான் வரம்புகள் இறங்கிக்கொண்டே வருகின்றன. அமெரிக்காவில் வரம்பு 100 மில்லிகிராம். பிரிட்டனில் மருத்துவர் சொல்லாமல் 10 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் 25லிருந்து 12ஆக இறக்கிவிட்டது. உடம்புக்கு ஒரு நாளைக்குத் தேவையானதோ ஒன்றரை, இரண்டு மில்லிகிராம். உங்கள் டப்பா நாளைக்கு 100 தருகிறது, எத்தனை மாதம் என்று ஒரு வார்த்தை இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஆசிரியை வந்தார், நாற்பது வயது இருக்கும். பாதம் இரண்டும் மரத்துப் போகிறது, செருப்பு கழன்றது கூடத் தெரியவில்லை என்றார். சர்க்கரை இல்லை. பி12 சரியாக இருந்தது. டாக்டர் அவரை எங்களிடம் அனுப்பி, சாப்பிடுகிற எல்லாவற்றையும் எழுதி வாங்கச் சொன்னார். மாத்திரை என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றார். வீட்டில் உள்ள டப்பாக்களையெல்லாம் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றேன். மறுநாள் மூன்று வந்தன: பி.எம்.எஸ்.ஸுக்காக வாங்கியது ஒன்று, முடி கொட்டுவதற்கு ஒன்று, கால் மரத்துப் போனதற்காக யாரோ சொல்லி வாங்கிய நரம்பு மாத்திரை ஒன்று. மூன்றிலும் பி6. கூட்டிப் பார்த்தால் நாளைக்கு 200 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் இரண்டு வருடமாக. மரத்துப் போனதற்கு அவர் வாங்கிய மாத்திரையே அதைக் கூட்டிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு தரை தெரிய ஏழெட்டு மாதம் ஆயிற்று. விட்டமினை யாரும் மருந்தாக எண்ணுவதில்லை, அதனால் டாக்டரிடம் சொல்வதும் இல்லை. நீங்கள் டப்பா வாங்காவிட்டாலும் இதைச் செய்யுங்கள்: வீட்டில் இருக்கிற சத்து மாத்திரை எல்லாவற்றின் லேபிளிலும் பைரிடாக்சின் எவ்வளவு என்று பார்த்துக் கூட்டுங்கள்.

பி6 வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டாக்டர் ஒருவர் பார்த்து, 50 மில்லிகிராம் மூன்று மாதம் என்று எழுதினால், அதை நான் தயங்காமல் கொடுப்பேன். மூன்று மாதத்தில் நோட்டில் மார்க் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். விரல் நுனியிலோ பாதத்திலோ சிறிது மரத்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். டாக்டர் இல்லாமல், தேதி இல்லாமல், டப்பாவில் வருகிற 100 மில்லிகிராமுக்குத்தான் என் பதில் வேண்டாம்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், நீளமாகச் சொல்ல அவற்றில் விஷயம் குறைவு. மக்னீசியம்: சிறு சிறு ஆய்வுகள்தான். 1998இல் பிரிட்டனில் 200 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில், இரண்டாவது மாதத்தில் வீக்கம், எடை கூடுதல், மார்பு வலி கொஞ்சம் குறைந்தது. உங்களுக்கு மோதிரம் இறுகுவது பெரிய தொந்தரவு என்பதால், சிறுநீரகம் நன்றாக இருந்தால், முயன்று பார்ப்பதில் தப்பில்லை. வயிறு இளகிப் போகும், கால்சியத்தால் மலச்சிக்கல் வந்தவர்களுக்கு அதுவே நல்லதாகவும் அமையும். நிலக்கடலை, முந்திரி, பூசணி விதை, பயறு வகைகளில் நிறைய இருக்கிறது. விட்டமின் ஈ: மார்பு வலிக்கு என்று பல வருடமாக எழுதிக் கொடுக்கப்படுகிறது, ஆதாரம் மெலிந்தது. ப்ரிம்ரோஸ் எண்ணெய்: நம் ஊரிலும் மார்பு வலிக்கு அதிகம் எழுதும் மாத்திரை, விலையும் அதிகம். 1990களின் தொடக்கத்தில் ஒழுங்காகச் செய்த ஆய்வுகளில் வெறும் மாத்திரையை விட மேலாக அது எதுவும் செய்யவில்லை. தீங்கு பெரிதாக இல்லை, பணம்தான் போகும்.

விட்டமின் டிக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். குறைபாடு நம்மிடம் பரவலாக இருக்கிறது, இருந்தால் சரிசெய்ய வேண்டும், அது எலும்புக்காக. பி.எம்.எஸ்.ஸுக்கென்று தனியாகக் கொடுத்துப் பார்த்ததில் முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. வாரம் ஒன்று என்று கொடுக்கப்படும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் ஒன்றாகப் போட்டுக்கொள்பவர்களை நாங்கள் பார்க்கிறோம். இரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தி, குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு என்று போய்விடும். கால்சியமும் சேர்த்து எடுக்கப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மூலிகை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். சேஸ்ட்பெர்ரி என்று ஒரு செடியின் காயிலிருந்து எடுத்த சாற்று மாத்திரைக்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. ஜெர்மனியில் 170 பெண்களிடம் செய்து 2001இல் வெளியான ஆய்வில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தொந்தரவு பாதியாகவாவது குறைந்தது, வெறும் மாத்திரைக்கு நான்கில் ஒருவருக்குத்தான். அது நம்முடைய நொச்சியின் உறவு, ஒரே இனக்குடும்பத்தில் வேறு செடி. இதைப் படித்துவிட்டு நொச்சி இலைக் கஷாயம் குடிக்கத் தொடங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அந்த ஆய்வு நொச்சிக்குச் செல்லாது. நொச்சி ஆவி பிடிப்பதற்கு நல்லது, அங்கேயே இருக்கட்டும். சேஸ்ட்பெர்ரியும் ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கும் குழந்தைக்கு முயல்பவர்களுக்கும் ஏற்றது அல்ல.

வயிற்று வலியையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீட்டு தொடங்கியதும் அடிவயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி வேறு, அதற்கு மருந்தும் வேறு. அதற்கு விட்டமின் பி1 என்று உங்களுக்கு யாராவது சொன்னால், அந்தப் பேச்சு தொடங்கியது 1996இல் இந்தியாவில் வெளியான ஒரு ஆய்விலிருந்து. 556 பெண்களுக்குத் தினம் 100 மில்லிகிராம் தயமின் (பி1இன் இன்னொரு பெயர்) 90 நாள் கொடுத்ததில் 87 சதவீதம் பேருக்கு வலி முழுதாகப் போய்விட்டது என்று முடிவு. அவ்வளவு பெரிய பலன் உண்மையென்றால் உலகம் முழுக்க வலி மாத்திரைக்கு வேலையே இருந்திருக்காது. அதே அளவு பலனை வேறு பெரிய ஆய்வு காட்டாத வரை நான் அதை நம்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. பி1இல் பி6 போன்ற ஆபத்து கிடையாது.

இரும்பு பற்றி ஒரு வார்த்தை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்த சோகை. களைப்பும் எரிச்சலும் அதனாலும் வரும். ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். விட்டமின் டப்பாவுக்குக் கொடுக்கும் ஒரு மாதக் காசு அதற்குப் போதும்.

அடுத்து, எந்தக் கட்டத்தில் மாத்திரைக்கடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போக வேண்டும் என்பது. அந்த நாட்களில் வேலைக்குப் போக முடியவில்லை, உறவு முறிகிற அளவுக்குச் சண்டை வருகிறது, வாழ்வதில் பயனில்லை என்று தோன்றுகிறது என்றால் அது பி.எம்.டி.டி. என்ற கடுமையான வகையாக இருக்கலாம். 2013 முதல் மனநல மருத்துவத்தின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனி இடம் உண்டு. அதற்கு விட்டமின் போதாது. ஃப்ளூவாக்ஸெடின் போன்ற மாத்திரைகள் நன்றாக வேலை செய்கின்றன, ஆதாரம் கால்சியத்தை விடப் பலமானது. சாதாரண மனச்சோர்வுக்கு அவை வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும், இதற்கு ஓரிரு நாளிலேயே கேட்கும், அதனால் சிலருக்கு மாதத்தின் பிற்பாதியில் மட்டும் கொடுக்கிறார்கள். "மனநல மாத்திரையா" என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் ஒரு முறை வந்தால்கூட நோட்டு, இரண்டு மாதம் எதற்கும் காத்திருக்காமல் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்கு அழையுங்கள். இலவசம், இரவும் பகலும், தமிழில் பேசலாம்.

ஆக உங்கள் கேள்விக்கு: அந்த டப்பா வேண்டாம். உங்கள் இடத்தில் என் தங்கை இருந்தால் முதல் இரண்டு மாதம் நோட்டில் மார்க் போடச் சொல்வேன், அதோடு ஹீமோகுளோபின், தைராய்டு பார்க்கச் சொல்வேன். மூன்றாவது மாதத்திலிருந்து 500 மில்லிகிராம் கால்சியம் காலைச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, மூன்று சுழற்சி முழுதாக. வேறெதையும் கூடவே தொடங்கக் கூடாது, தொடங்கினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும். மார்க் இறங்கினால் தொடரலாம். இறங்கவில்லை என்றால் வீக்கத்துக்காக மக்னீசியத்தை முயலலாம், அல்லது அந்த நோட்டையே எடுத்துக்கொண்டு பெண்கள் நல மருத்துவரிடம் போகலாம். ஐந்து மாதத் தாள் கையில் இருந்தால் அவர் உங்களோடு பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

வீட்டில் குணமா என்று கேட்பவர்களிடமும் அந்தத் தாளைக் காட்டுங்கள். மாதத்தில் இருபது நாள் 1, பத்து நாள் 5, வட்டமிட்ட தேதிக்கு மறுநாள் மறுபடி 1 என்று இருந்தால், அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியது மூன்று: வேறு ஏதாவது மாத்திரை தினமும் சாப்பிடுகிறீர்களா, குறிப்பாகத் தைராய்டு அல்லது இரும்பு? சிறுநீரகக் கல் வந்திருக்கிறதா? குழந்தைக்கு முயல்கிறீர்களா? முதலிரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் நேரத்தையும் அளவையும் மாற்ற வேண்டிவரும். மூன்றாவதற்கு ஆம் என்றால் எதையும் தொடங்கும் முன் உங்கள் டாக்டரிடம் ஃபோலிக் அமிலம் பற்றிக் கேட்டுவிடுங்கள், அதுதான் முதலில் வரவேண்டிய விட்டமின்.